பெரியவருக்கு ஒரு வீடு

என் சித்தி பெண்களுக்கான உடைகள் தைப்பவர். மிச்ச நேரமெல்லாம் வயதான நாய்களுக்கு வீடு தேடுவதில் போகும். கண் தெரியாதவை, கால் இழுப்பவை, தினமும் ஊசி போட வேண்டியவை என்று யாரும் கேட்டு வராத நாய்களாகப் பார்த்துத்தான் கூட்டி வருவார். தத்தெடுக்க வருகிறவர்களிடம் மற்றவர்கள் மறைப்பதையெல்லாம் அவர் முதலிலேயே சொல்லிவிடுவார்.

"குறையை முதல்ல சொல்லிடணும். நல்லதை அவங்களே கண்டுபிடிச்சுப்பாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. பெரியவர் என்பது இரண்டு கண்ணும் தெரியாத ஒரு கிழட்டு நாய். சர்க்கரை வேறு. சித்தப்பாவுக்கு நாய்முடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. வருகிறவர்களும் கையை விரித்துவிட்டால் பெரியவர் மறுபடி காப்பகத்துக் கூண்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தவர் அவர்.

சித்திக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. கூடத்தைப் பெருக்கித் துடைத்தார். தையல் இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வருகிறவர்கள் உட்கார நாற்காலிகளை நடுவில் போட்டார்.

வந்தது ஓர் எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும்.

"பெரியவரே, வாங்க!" என்று சித்தி உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

வாலை ஆட்டியபடி கம்பீரமாக வந்தவர் நாற்காலியில் மடாரென்று முட்டினார். விலகிப் போய் இயந்திரத்தில் இடித்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்து நடுங்கத் தொடங்கினார்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணு தெரியாத நாய் இருக்கிற வீட்டுல சாமானை நகர்த்தாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்!"

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் சித்தப்பா, உள்ளேயிருந்து.

"எப்ப? குறட்டை விட்டுட்டே சொன்னீங்களா?"

நாங்கள் அவசரமாக எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்தோம். பெரியவர் மோப்பம் பிடித்தார், எழுந்தார், எதிலும் இடிக்காமல் வளைந்து வந்து எலக்ட்ரீஷியனின் முழங்காலில் தாடையை வைத்தார். மனிதர் உருகிப்போனார்.

"எங்க வீட்டுல ஒரு சாமானும் இடம் மாறாது. இவருக்கு ஏத்த வீடு."

"மாற விட்டாத்தானே?" என்றார் மனைவி. "கல்யாணமான நாள்லேர்ந்து சோபா இருட்டு மூலையில கிடக்கு. ஜன்னல் பக்கம் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

"பாத்தியா, ஒரு காரணமாத்தான் விட்டு வெச்சிருக்கேன்."

"ஐய, பேச்சைப் பாரு!"

சித்தி ஊசி விஷயத்தைச் சொன்னார். "அது ஒண்ணும் பெரிசில்லை. எங்க வீட்டுக்காரருக்கே நான்தான் போடறேன்," என்றார் அந்த அம்மா. பிறகு தயங்கி, "இது வந்துட்டா சோபாவை அப்புறம் நகர்த்தவே முடியாதா?" என்று கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்தார். ஒரு சின்னப் பொய் போதும்.

"நகர்த்தாம இருக்கறதுதான் நல்லதும்மா. பாவம், இடிச்சுக்கும்."

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "எந்திரிங்க, போகலாம்."

சித்தியின் முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன முழிக்கிறீங்க?" என்றார் அந்த அம்மா கணவரிடம். "சோபாவை இப்பவே ஜன்னல் பக்கம் போட்டாகணும். பெரியவர் உள்ள வந்துட்டா அப்புறம் விடுவீங்களா?"

சித்தி துள்ளிக்கொண்டு ஊசி மருந்துப் பையை எடுத்தார். "நாங்களும் கூடவே வர்றோம்!"

அவர்கள் வீட்டு வாசலில் பெரியவரைப் பிடித்துக்கொண்டு நானும் சித்தியும் நின்றோம். உள்ளே சோபா கிறீச்சிட்டது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!" "ஐயோ, இடுப்பு போச்சுடி!" சித்தி சிரிப்பை அடக்கமாட்டாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. வேர்த்து வழிய நின்றார் அந்த அம்மா.

"இப்ப வாங்க, பெரியவரே."

பெரியவர் மூக்கை நீட்டி வாசற்படியை முகர்ந்தார். பிறகு எங்களையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.