ஒலாந்தான் குழியும் அம்மாவின் பறியும்

பக்கத்து வீட்டுக்காரர் தன் வரவேற்பறைச் சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசுகிறார். பெயின்ட் அடித்தால் கௌரவக் குறைச்சலாம். போன வாரம் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் சுர்ரென்று கொதித்து, வாடை எங்கள் அடுக்களை வரைக்கும் வந்தது. "பழவேற்காட்டுல டச்சுக்காரன் இதை வெச்சுத்தான் மேடம் கோட்டையே கட்டினான்" என்று எனக்கே பாடம் எடுத்தார். நானும் தலையாட்டி வைத்தேன். நான் அதே பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஏரிச் சேற்றில் வளர்ந்தவள் என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

எங்கள் பக்கம் டச்சுக்காரனுக்கு ஒலாந்தான் என்று பெயர். வயது தெரியாத எதையும் ஊரில் அவன் தலையில் கட்டிவிடுவார்கள். கோடையில் ஏரி உள்வாங்கும்போது கரையோரச் சேற்றில் வரிசையாகப் பள்ளங்கள் தெரியும். கோட்டைக்கும் மாளிகைக்கும் சுண்ணாம்பு சுட அவன் கிளிஞ்சல் எடுத்த குழிகள். ஓரத்தில் இடிந்த செங்கல் மேடு, அவன் சுண்ணாம்பு சுட்ட காளவாய். அவனா எடுத்தான்? அந்த மகாராஜா கப்பலை விட்டு இறங்கிச் சேற்றில் குனிந்திருப்பானாக்கும்! தோண்டச் சொன்னவன் அவன். தோண்டியவர்கள் எங்கள் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அவன் போன பிறகும் மழைக்காலம் முடிந்தால் குழி தூர்ந்துபோகாமல் சேற்றை அள்ளி வெளியே போட்டது எங்கள் ஆட்கள்தான்.

காரணம் இறால். சுற்றிலும் காய்ந்து கிடந்தாலும் குழிகளில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இறால் அங்கே வந்து ஒதுங்கும். வலை வைத்திருப்பவர்களுக்கு, இன்றைக்கு இவர் நாளைக்கு அவர் என்று ஏரியில் முறை உண்டு. எங்களுக்கு வலையும் இல்லை, முறையும் இல்லை, கைதான். பறி என்கிற ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவோம். கையில் பட்ட இறால் பறிக்குள் போகும். வாயைத் திறந்தால் பறி விழும், பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போகும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கு" என்றது அந்தப் பறியின் உபயம். ஆனால் கோடை முழுக்க எங்கள் வீட்டில் உலை கொதித்ததும் அதனால்தான்.

குழியில் இருப்பவளிடம் பேச வந்தவர், அவள் கரையேறிப் பறியை இறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பந்தம் பேச வந்தவர்களே ஆனாலும் அதுதான் வழக்கம்.

பழமையைக் காப்பாற்றப் போகிறோம் என்று ஒரு கோடையில் ஒரு கூட்டம் வந்தது. அவர்களுக்குக் காளவாய் மட்டும்தான் பழமை, குழி வெறும் குழி. சட்டையில் மடிப்புக் கலையாத அதிகாரி ஒருவர், ஷூவில் சேறு படாத தூரத்தில் நின்று கத்தினார்: "காளவாயை நினைவுச் சின்னமாக்குற விழாவுக்குப் பெரியவங்க வர்றாங்க. வண்டி நிறுத்த இடம் வேணும். இந்தக் குழியெல்லாம் மண்ணு கொட்டி மூடப்போறோம். சம்மதந்தானே?"

எங்கள் அத்தனை பேர் வாயிலும் பறி. அம்மாவின் பறி நிறைந்திருந்தது. இரு, வருகிறேன் என்கிற மாதிரி "ம்ம், ம்ம்" என்று தலையை ஆட்டினாள். பறி கவ்விய தலை மேலும் கீழுமாகத்தான் ஆடும். பக்கவாட்டில் ஆட்டினால் இறால் கொட்டிவிடும். படித்த மனிதர், உட்கார்ந்து காத்திருப்பார் என்று நாங்கள் நம்பினோம். அவரோ, "எல்லாருக்கும் சம்மதம்" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அம்மா மூச்சிரைக்கக் கரையேறிப் பறியை இறக்கினாள். "இன்னாடி, பூட்டானா? நான் இன்னும் வாயே தொறக்கலியேடி!"

"எங்க பூடுவான், திரும்பி வருவான் பாரு" என்றார் பின்னாலேயே கரையேறிய என் நைனா. அதிகாரி வந்தார், டிப்பர் லாரிகளோடு.

அம்மா முதல் லாரிக்கு முன்னால் போய் நின்றாள். "மூடாதீங்க சார். கோடையில நாங்க இன்னாத்த துன்றது?"

"அன்னைக்கு நீதானேம்மா தலையாட்டினே?"

அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விழா ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. 'டச்சுக்காரர்கள் கிளிஞ்சல் தோண்டிய குழிகள் இங்கு இருந்தன' என்று ஒரு பலகை நட்டார்கள். இருந்தன! மூடிய கையோடு எழுதுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அந்தப் பலகையும் அடுத்த புயலில் போயிற்று. காளவாய்ச் செங்கல்லை யார் யாரோ அடுப்புக்கும் வாசற்படிக்கும் எடுத்துப் போனார்கள். எங்களோடு இறால் பிடித்த பெண்கள் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அன்றிலிருந்து அவள் யாருக்கும் தலையாட்டுவதில்லை. நேற்று பக்கத்து வீட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார்.

"எப்படிம்மா இருக்கு? அசல் பழவேற்காட்டுச் சுண்ணாம்பு."

அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சுண்ணாம்பு இருக்குது தம்பி. குழி எங்க?"

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.