பவுனம்மாள் விட்ட ஏலம்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் மீன் ஏலம் விடுகிற பவுனம்மாளுக்குத் தொண்டைதான் சொத்து. கரையில் நின்று "ஒரு தரம்" என்று அவள் கத்தினால், ஏரிக்குள் வலை இழுத்துக்கொண்டிருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஊருக்குச் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் தொடங்கி ஊசிக்கு வந்திருந்தது.

காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். கணவன் சுப்பராயலுவுக்கு மட்டும் தெரியும். அவன் வாயைத் திறக்கிற ஆளில்லை.

சிக்கல் விசேஷ வீடுகளில்தான். வெள்ளிக்கிழமை யாராவது கேசரியை நீட்டினால் "இன்னிக்கி அம்மனுக்கு வெரதம்" என்பாள். சனிக்கிழமை லட்டு வந்தால் பெருமாள், செவ்வாய்க்கிழமை பாயசம் வந்தால் முருகன். ஒரு புதன்கிழமை சட்டென்று சாமி கிடைக்காமல் பல்வலி என்று சமாளித்தாள். நாளடைவில் ஊர் அவளைப் பெரிய பக்திக்காரி என்று முடிவுகட்டிவிட்டது. பக்கத்து வீட்டு வேலம்மா, பிள்ளை வரம் வேண்டித் தன் மருமகளைக் கூட்டிவந்து பவுனம்மாள் கையால் திருநீறு பூசவைத்தாள். அந்த மருமகள் மறுமாதமே முழுகாமல் இருந்தது நிலைமையை இன்னும் மோசமாக்கிற்று.

ஒரு நாள் படகுகள் சீக்கிரமே கரைக்கு வந்துவிட்டன. ஊசி போட்டுக்கொண்டவள் சாப்பிடாமல் ஓடினாள். ஏலத்தின் நடுவில் கை நடுங்கிற்று, வேர்த்துக் கொட்டிற்று. "ரெண்டு தரம்" என்றவளுக்கு மூன்றாம் தரம் வாயில் வரவில்லை. ஏதோ உளறிக்கொண்டே இறால் கூடைமேல் சாய்ந்தாள்.

"அம்மன் எறங்கிக்கீது!" என்று வேலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாராவது கற்பூரம் எட்தாங்க!"

சுப்பராயலு கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். டீக்கடைச் சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கி, அவளை நிமிர்த்தி உட்காரவைத்துக் குடிக்கச் செய்தான்.

"அம்மன் எறங்கல. சுகர் எறங்கிடுச்சு. ஊசி போட்டுக்கினு நாஸ்தா துன்னாம வந்துக்கீறா," என்றான். அவன் அந்த ஊரில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"சக்கர வியாதிக்காரிக்கு சக்கரயா குடுக்கற? கொலகாரா!" என்று வேலம்மா அலறினாள்.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்த பவுனம்மாள், எறா நசுங்கிவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

உடம்பு தேறிவிட்டது, ஊர்தான் மாறிப்போயிற்று. திருட்டுத்தனமாக இனிப்பு தின்று வந்த நோய் என்றார்கள். ஊசிக்கு வந்துவிட்டால் ஆள் தேறாது என்றார்கள். தெருவில் நடந்த ஒரு மஞ்சள் நீராட்டில் எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. பவுனம்மாளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. கொண்டுவந்து வைத்தவள் வேலம்மா.

"தப்பா நென்ச்சிக்காத. கொழந்த குட்டிங்க இருக்கற எடம்," என்றாள்.

பவுனம்மாள் அந்தத் தண்ணீரைத் தொடாமல் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏலத்தில் வியாபாரி ஞானதாஸ் கூடையைக் கிளறிவிட்டு, "இன்னா யக்கா, நீ தொட்ட எறா, கொழம்பே இனிக்கப் போவுது," என்றான். கரையே சிரித்தது.

பவுனம்மாளுக்கு முதலில் கண்ணில் நீர் முட்டிற்று. பிறகு கோபம் வந்தது. கோபத்தில் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"எறா அப்பறம். மொதல்ல என் சுகர ஏலம் உடறேன், ஊசியோட சேத்து! கடசியா பாத்தப்ப முன்னூத்திப் பத்து. அதுக்கு மேல யாரு? கேளுங்க! ஒரு தரம்…"

ஞானதாஸ் கூடையிலிருந்து கையை எடுத்தான்.

"ரெண்டு தரம்…"

"முன்னூத்தி நாப்பது," என்று ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஐஸ் உடைக்கிற ஜான்சன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்த முறை சிரித்தவர்களில் பவுனம்மாளும் இருந்தாள்.

ஞானதாஸ் தொந்தியைச் சொறிந்தான். "முன்னூத்தி எம்பது. எங்கூட்டுக்காரி கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா, பிரியாணிய நிறுத்திடுவா."

"எம்பது ஒரு தரம்! எம்பது ரெண்டு தரம்!"

"நானூத்திப் பன்னெண்டு."

அது வேலம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

பவுனம்மாள் ஏலத்தை நிறுத்தினாள். "நானூத்திப் பன்னெண்டா? எப்பப் பாத்த?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"மாத்திர துன்றியா?"

"இல்ல. வாங்கினா கடக்காரனுக்குத் தெரியும், மருமவளுக்குத் தெரியும். நான் உனுக்கு வச்ச மாதிரி அவ எனுக்கும் பேப்பர் கப்பு வச்சிட்டா?"

பவுனம்மாளுக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை; எறா வெயிலில் கிடந்தது. மளமளவென்று ஏலத்தை முடித்தாள். வேலம்மாவின் கையைப் பிடித்து, நர்ஸ் எப்சிபா இருக்கிற துணை சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வழியில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"சும்மா, காத்து வாங்க," என்றாள் வேலம்மா அவசரமாக.

"சுகர் பாக்க!" என்று பவுனம்மாள் கத்தினாள்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தார்.

"இரும்மா, நானும் வரேன்."