ஓரத்துக் காம்பரா

சித்தி குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய பெரிய பெட்டிக்குள், சவர்க்காரக் கட்டிகளுக்கும் பூப்போட்ட கம்பளிக்கும் நடுவே, துவாயில் சுற்றிய இரண்டு கேம் மெஷின்கள் இருந்தன. இரண்டு கைகளாலும் பிடித்து விளையாடுகிற சின்ன மெஷின்கள். அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதியவை வந்ததும் பழையவற்றை இவரிடம் கொடுத்துவிட்டார்களாம். ஒன்றின் திரையில் நீளமாக ஒரு கீறல். மற்றதில் ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

"இது யாருக்குடி?" என்று அம்மா கேட்டார்.

சித்தி தன் மகளைப் பார்த்தார். அவள் எழுந்து வெளியே, வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குப் போய், மழையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் தோட்டம் இரத்தினபுரிக்கு மேலே, ரப்பர் மலையில் இருக்கிறது. அம்மா பால் வெட்டுகிறார், அப்பாவுக்கும் தோட்டத்தில்தான் வேலை. சித்தி அம்மாவின் தங்கை. புருஷன் கொழும்புக்கு வேலை தேடிப் போய், போன இடத்திலேயே இருந்துவிட்டார். அதன் பிறகு சித்தி வெளிநாடு போனார். அப்போது மகள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அவள் எனக்குத் தங்கச்சியாக எங்களோடுதான் வளர்ந்தாள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்துத்தான் தூங்குவாள். போனில் தெரிகிற அம்மாவோடு சிரித்துப் பேசுவாள், பாட்டுக்கூடப் பாடிக் காட்டுவாள். அந்த அம்மா பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும் அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது.

"அக்கா, அவங்கள சாப்புட வரச் சொல்லு" என்பாள் என்னிடம். "அவங்க" இரண்டு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். சித்தி அதைவிட ஒன்றிரண்டு வகுப்பு கூட. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான் இருக்கிறது. இரத்தினபுரி டியூஷன் வகுப்புக்கு நான் பஸ் ஏறிப் போனதெல்லாம் சித்தி அனுப்பிய காசில். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் காசு வருகிறது என்று தெரிவது வேறு, அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்ப்பது வேறு. நான் அதை அந்த மெஷினில்தான் பார்த்தேன்.

சித்தி வந்து சில நாட்களிலேயே டவுனில் இருக்கும் ஏஜென்சிப் பெண் போன் பண்ண ஆரம்பித்தாள். பழைய வீட்டுக்காரர்கள் திரும்பவும் சித்தியையே கேட்கிறார்களாம். கோயில் திருவிழாவுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா கேட்டார். "போகத்தான் போறியா?"

"இங்க இருந்து என்னாக்கா செய்யிறது? புள்ளைக்கு என் மொகத்தப் பாக்கவே புடிக்கல. அங்க இருந்தா காசாச்சும் அனுப்பலாம்."

"அவ சின்னப் புள்ள. கொஞ்ச நாள் போகட்டும்."

"அந்தக் கொஞ்ச நாள்தான் நம்மகிட்ட இல்லியே."

அந்தப் பேச்சு எனக்குக் கேட்டது. இஸ்தோப்பில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த தங்கச்சிக்கும் கேட்டிருக்கும். அவள் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

மழைக் காலம் அது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, எல்லோரும் வீட்டில்தான். சும்மா இருப்பதற்குப் பதிலாக நானும் சித்தியும் விளையாடத் தொடங்கினோம். விளையாட்டு என்றால் ஜெயிப்பது, தோற்பது என்று எதுவும் கிடையாது. சதுரம் சதுரமான கட்டிகளால் ஆன ஒரு உலகம். மலை, ஆறு, காடு, ஆடு, மாடு எல்லாமே கட்டிகள்தான். மரத்தை வெட்டலாம், மண்ணைத் தோண்டலாம், தோண்டியதை வைத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். எல்லை கிடையாது, கேட்பாரும் கிடையாது. இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேரும் ஒரே உலகத்துக்குள் நடக்கலாம், இன்டர்நெட் தேவையில்லை. சித்திக்கு எல்லாம் அத்துபடி. அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பதற்காக அவர்களோடு விளையாடிப் பழகியவர். பொருள்களின் பெயர்கள் மட்டும் அவருக்கு அரபியில்தான் வரும்.

"அங்க ஒரு பாப் வையி."

"பாப்னா?"

"கதவுடி. படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா?"

தங்கச்சி முதலில் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் மூன்றாவது தடவையும் ஆற்றில் விழுந்து செத்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அனே அக்கா, குடு இங்க. கம்பஸுக்குப் போகப் போறாளாம், நடக்கத் தெரியல."

கொடுத்தேன். அதோடு அந்த மெஷின் என் கைக்குத் திரும்பி வரவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இங்கிலீஷில் வருவதை வாசித்துச் சொல்லும் ஆளாகிவிட்டேன்.

ஒரே உலகத்தில்தான் இருந்தார்கள், ஆனால் ஒருவர் பக்கம் மற்றவர் போகவில்லை. சித்தி மலை உச்சியில் பெரிய வீடு ஒன்றைக் கட்டினார். மாடி, வெள்ளைச் சுவர், அகலமான படிக்கட்டு. கடைசியில் அடுப்பு வைத்த குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வைத்து, அதற்குள் தன் கட்டிலைப் போட்டார். நாலு பக்கமும் சுவர்.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "அதுக்கு ஜன்னல் இல்லியா?" கேட்டது என்னிடம்.

"அங்க எனக்கு இருந்ததில்லம்மா" என்றார் சித்தி, திரையைப் பார்த்தபடியே. அப்புறம் அவரே சிரித்தார். "அட, நெசமாவே பழக்கத்துல கட்டிட்டேன் பாரு. இவ்ளோ பெரிய வூட்டுல வேற ரூமே கெடைக்கலியா எனக்கு!"

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் காலில் போட்டுப் போன வெள்ளைச் சப்பாத்து, கல்குலேட்டர், டியூஷன் முடிந்து வாங்கித் தின்ற ரோல்ஸ் எல்லாம் அந்த அறையிலிருந்துதான் வந்தன என்று அப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது. நன்றி என்று சொன்னால் சித்தி என்னைத் திட்டியிருப்பார். நான் உள்ளே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

தங்கச்சி ஆற்றோரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெற்று நிலம். அதில் அவள் கட்டியது, நாங்கள் குடியிருப்பது மாதிரியே ஒரு லயம். ஒரே கூரைக்குக் கீழே, சுவரோடு சுவராக ஒட்டிய வரிசை அறைகள். முன்னால் நீளமாக இஸ்தோப்பு. நாங்கள் காம்பரா என்று சொல்கிற ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு.

அம்மா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஏன்டி, இவ்ளோ எடம் சும்மா கெடக்கு. இங்கயும் லயமா?"

"தனித்தனியா இருந்தா பயமா இருக்காதா பெரியம்மா? இது உங்களுக்கு. இது பெரியப்பாவுக்கு, அவரு கொறட்ட விடுறாரு, அதனால தனி. இது அக்காவுக்கு. இது எனக்கு."

அத்தோடு காம்பராக்கள் முடிந்துவிட்டன. சித்தி பொத்தானைத் தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த லயத்தில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பழைய லயங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. மேலே இடைவெளி இருக்கும். அந்தப் பக்கத்து அக்கா கருவாடு பொரித்தால் இந்தப் பக்கம் நமக்குப் பசிக்கும். "நெருப்புப் பெட்டி இருக்கா?" என்று குரல் கொடுத்தால் மேலால் பறந்து வரும். தங்கச்சியும் அதே மாதிரி சுவர்களைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அது போதாதென்று இரண்டு ஓரச் சுவர்களின் மேலேயும் திறந்தே விட்டிருந்தாள். அவளுக்குச் சுவர் என்றால் அப்படித்தான்.

சித்தி திரையில் தன் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "ஓரத்துல அடைச்சிரும்மா. இருட்டுனா ஆள் அளவு சிலந்தி வரும், கடிச்சுக் கொன்னுரும். செவுத்துல ஏறி உள்ள குதிச்சிரும்."

"அவங்கள அவங்க வூட்டப் பாத்துக்கச் சொல்லு அக்கா."

அந்த உலகத்தில் பொழுது சாய்ந்தது. தங்கச்சி நாள் முழுவதும் பூமிக்குள் தோண்டி, நீலக் கற்கள் எடுத்து வைத்திருந்தாள். மாணிக்கம் என்றுதான் அவற்றைச் சொல்வோம், இரத்தினபுரிக்காரர்கள் வேறு எப்படிச் சொல்வோம்? கற்களோடு தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிலந்தி ஓரச் சுவரில் ஏறியது, மேலால் உள்ளே நுழைந்தது, நடுச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தாண்டி நேரே அவள் தலையில் குதித்தது. செத்துப்போனாள். செத்தால் திரும்ப எழும்பலாம், ஆனால் வைத்திருந்ததெல்லாம் தரையில் சிதறிவிட்டது. அப்படிச் சிதறியவை கொஞ்ச நேரம்தான் கிடக்கும், பிறகு மறைந்துவிடும்.

அவள் மெஷினைப் பாயில் போட்டுவிட்டு முகத்தை மூடி அழுதாள். கற்களுக்காக மட்டும் யாரும் அப்படி அழமாட்டார்கள்.

சித்தியின் விரல்கள் ஓடின. சிலந்தியைக் கொன்று, கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு பெட்டி செய்து அதில் போட்டார். "இந்தா, எல்லாம் இருக்கு. எண்ணிப் பாரு."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இப்ப அடைச்சிரவா?" என்றார் சித்தி.

"ஓரத்துல மட்டும் அடைங்க. நடுவுல அடைக்காதீங்க." நேராக அவரிடம் சொன்னாள். "நடுவுல அடைச்சா அப்புறம் எப்புடிப் பேசுறது?"

"ஹரி, சரிம்மா. நடுவுல வேணாம்." சித்தி இரண்டு ஓரச் சுவர்களையும் கூரை வரை ஏற்றினார், நடுச் சுவர்களின் மேல் வரிசையாகப் பந்தங்களை வைத்தார். பிறகு லயத்தின் கடைசியில் போய் நின்றார். அந்தப் பக்கம் வெறும் புல். ஒரு கட்டியும் வைக்காமல் நின்றார்.

"இந்த ஓரத்துல நான் ஒரு காம்பரா போட்டுக்கவா?"

தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். "தொரைகிட்ட கேக்கணும்."

"தொரை யாரு?"

"நான்தான்."

"அப்ப சலாம் தொரை. காம்பரா ஒண்ணு வேணுங்க."

"தோட்டத்துல பேர் பதிஞ்சிருக்கா?"

தொரை என்றால் எங்கள் தோட்டத்து மேனேஜர், அவருடைய சட்டம் அதுதான். வீட்டில் ஒருவருடைய பெயராவது வேலைக்குப் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பரா கிடையாது. அவள் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்.

"பதியலீங்க. இனிமே பதியிறேன்."

"வெளிநாட்டுக்குப் போற ஆளுக்கெல்லாம் காம்பரா குடுக்க மாட்டோம்." துரையின் குரலில் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் அவளுடையதாகிவிட்டது. "குடுத்தா பூட்டித்தான் கெடக்கும்."

அம்மா அடுப்படியில் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கூரைத் தகரத்தில் மழை விழுந்தது. சித்தி திரையிலிருந்து கண்ணை எடுத்து, வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தார்.

"போகலன்னா?"

"போகலன்னா ஓரத்துக் காம்பரா." கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல் வெச்சுத்தான் கட்டணும். அது தொரையோட ஆர்டர்."

சித்தி கட்டினார். அவசரப்படாமல், ஆற்றைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைத்து, மகளின் காம்பராவோடு ஒட்டிய சுவரை மேலே திறந்துவிட்டுக் கட்டினார். கடைசியாகக் கட்டிலைப் போட்டார். போட்டதும் சுவருக்கு மேலால் என்னவோ வந்து விழுந்தது. ஒரு ரொட்டி.

"சாப்புடுங்க. உங்களுக்குப் பசிக்குதுன்னு திரையில காட்டுது, பாக்கலியா?" என்றாள் தங்கச்சி.

மறுநாள் காலையில் ஏஜென்சிக்குச் சித்தியே போன் எடுத்தார். இஸ்தோப்பில் நின்று, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி சிங்களத்தில், "மம யன்னே நே, மிஸ்" என்றார். நான் போகவில்லை என்று அவ்வளவுதான். அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். சித்தி "நே, நே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரமே தோட்டத்து ஒபிசில் போய்ப் பெயர் பதிந்தார். இப்போது விடியற்காலையில் அம்மாவோடு பால் வெட்டப் போகிறார். தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருப்பார். வருமானம் குறைவுதான், குவைத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதை அவர் ஒரு குறையாக ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்குப் பரீட்சையில் நல்ல முடிவு வந்தது. இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விடுதியில் என் கட்டில் ஜன்னல் பக்கம். அதில் உட்கார்ந்து படிக்கும்போது சில நாட்களில் குசினிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறை நினைவுக்கு வரும். உடனே சித்திக்குப் போன் பண்ணுவேன். "என்னா?" என்பார். "சும்மாதான்" என்பேன்.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது மழை. தங்கச்சி தன் மெஷினை என் கையில் வைத்தாள்.

"உன் காம்பராவ போய்ப் பாரு."

போனேன். கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று நிறைய ரொட்டி, ஒன்றில் சிவப்புப் பூக்கள், ஒன்றில் மாணிக்கம்.

"நீ இல்லாதப்போ வாரா வாரம் பங்கு வெச்சோம்" என்றாள். "அம்மாதான் சொன்னாங்க, தூரத்துல இருக்கிற ஆளுக்கும் எடுத்து வைக்கணும்னு."

அம்மா என்று அவள் சொன்னது சித்தியை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மற்ற மெஷினில் தன் ஓரத்துக் காம்பராவுக்குள் இருந்தார். நான் ஒரு ரொட்டியை எடுத்து, முடிந்த மட்டும் உயரமாக, சுவருக்கு மேலால் அவர் பக்கம் எறிந்தேன். அது நடுவில் தங்கச்சியின் காம்பராவுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"அது என் வூட்டுல வுழுந்துச்சு, அது எனக்குத்தான்" என்றாள் அவள்.

"தொரை எடுத்துக்கட்டும்" என்றார் சித்தி. "எனக்கு வயிறு நெறைஞ்சிருக்கு."