பிரிக்காத கவர்

என் அப்பாவை ஏமாற்றுவது சுலபம். ஒரு கவரை ஒட்டி, மேலே அரக்கு வைத்து, 'பிரிக்காதே' என்று சொல்லிவிட்டால் போதும். உயிரே போனாலும் பிரிக்க மாட்டார். அவரைக் கோபமில்லாமல் நினைக்க எனக்கு வராது. அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

அவர் வெள்ளைக்கார துரைகளிடம் பட்லராக இருந்தவர். ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு அந்தப் பிழைப்புதான். துரை ஊருக்குப் போகும்போது ஒரு சிட்டு எழுதிக் கொடுப்பார். இவன் நல்லவன், ஒழுங்காக வேலை செய்வான் என்று ஒரு துண்டுக் கடிதம். அதைக் காட்டினால் அடுத்த துரையிடம் வேலை கிடைக்கும். நாற்பத்தேழில் துரைகள் மொத்தமாகக் கப்பல் ஏறிவிட்டார்கள். சிட்டுகள் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் மிஞ்சின. அப்பாவுக்கு எந்த மொழியிலும் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். கடைசியாக வேலை பார்த்த மேஜர் கொடுத்த சிட்டுதான் அவருக்கு உசத்தி. தாளின் தலையில் ஒரு சின்னம் அச்சடித்திருந்தது, அதனால். அதில் எழுதியிருந்தது இதுதான்: 'சமையல் பரவாயில்லை. சர்க்கரையையும் விஸ்கியையும் பூட்டி வையுங்கள். இவனை ஒழித்த சந்தோஷத்தில் இதை எழுதுகிறேன்.' முதல்முறை அதைப் படித்தபோது எனக்குப் பதிமூன்று வயது. தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "இவனைப் போல நாணயஸ்தனை நான் கண்டதில்லை" என்று படித்துவிட்டேன். பிறகு ஆறு வருஷம் அதையேதான் படித்தேன். அந்தச் சிட்டைக் காட்டி அவர் எத்தனையோ பங்களா வாசலில் நின்றிருக்கிறார். படித்தவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்களாம். அதைப் பெருமையாகச் சொல்வார்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் நான் வேலையில்லாமல் பேகாராகத் திரிந்தேன். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் கார்டைப் புதுப்பிப்பதுதான் என் உத்தியோகம். ஊருக்கு வெளியே புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் எங்கள் வீடு தேடி வந்த ஒரு ஆளுக்கும் இது தெரிந்திருந்தது.

பேண்ட், தொப்பி, நுனிநாக்கு இங்கிலீஷ். தொழிற்சாலையில் வெள்ளைக்கார மேனேஜருக்கு ஸ்டெனோ என்று சொல்லிக்கொண்டான். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பதினொரு சிட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தான். மேஜர் சிட்டு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவன் சிட்டை மடித்து, "இந்த மாதிரி சிட்டு இருக்கிறவங்க மகனுக்கு வேலை இல்லேன்னா வேற யாருக்குக் கிடைக்கும்?" என்றான். அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் அரக்கு முத்திரை வைத்த கவரோடு வந்தான். மேனேஜருக்குச் சிபாரிசாம். முத்திரை உடைந்தால் செல்லாதாம். பதிலுக்கு அப்பா தன் வெள்ளிச் சங்கிலிக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பழைய துரை ஒருவர் பரிசாகக் கொடுத்தது. வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

அவன் போனதும் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். எழுத்து தெரியவில்லை. ஏதோ கோடுகள் மட்டும் தெரிந்தன.

"பிரிச்சுப் பாத்துரலாம்பா. ஆள் சரியில்ல."

கையில் பட்டென்று அடித்தார். "முப்பது வருசம் துரைங்க கவர் தூக்கியிருக்கேன். ஒண்ணத் தொறந்தது கிடையாது. எம் புள்ள தொறந்தான்னு பேர் வரக் கூடாது."

மேஜரின் சிட்டை நான் மாற்றித்தான் படித்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு தொழிற்சாலை கேட்டில் போய் நின்றேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் கன்னடக்காரர். கவரைப் பார்த்ததுமே சலித்துக்கொண்டார். "நோடப்பா, இந்த அரக்குக் கவர் இந்த வாரத்துல நாலாவது. எல்லாம் பட்லர் புள்ளைங்க. நீங்க யாரும் தொறந்தே பாக்கறது இல்லியா?"

அவரே பிரித்துக் காட்டினார். பழைய காலண்டர் தாள், நாலாய் மடித்தது. அங்கே அப்படி ஒரு ஸ்டெனோவும் இல்லை, வெள்ளைக்கார மேனேஜரும் இல்லை என்றார்.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். காலண்டர் தாளை அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "துரைங்க காலத்துல இப்படி நடக்காது. ஒரு துரை எழுதினான்னா எழுதினதுதான்" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் வெயிலில் நடந்து வந்திருந்தேன். டப்பாவைத் திறந்து மேஜர் சிட்டை எடுத்து, உள்ளது உள்ளபடி படித்தேன். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில், சர்க்கரையும் விஸ்கியும் விடாமல். அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன்.

என் கையிலிருந்த சிட்டைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்.

"இத்தினி வருசமும் தெரிஞ்சுதான் மாத்திப் படிச்சியா?"

"ஆமா."

"அந்த ஆளு ஒரே தரம்தான்டா ஏமாத்தினான்."

சிட்டை வாங்கி மடித்து டப்பாவில் வைத்தார். கிழித்துப் போடவில்லை.

அதன் பிறகு எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. கையில் யார் எந்தக் கவரைக் கொடுத்தாலும் அங்கேயே பிரித்துவிடுவேன். மற்றவர்கள் பெயருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பிரித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்பா பெயருக்கும் எப்போதாவது ஊரிலிருந்து கடிதம் வரும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். அவர் அதைத் தபால்காரரிடமே நீட்டி, "கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க சாமி" என்பார்.