பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நெட்டி

நல்ல சீட்டு வந்தால் என் கணவர் நெட்டி முறிப்பார். வலது கை நடுவிரலில் ஒரே ஒரு நெட்டி, 'டக்' என்று. சுமாரான சீட்டு என்றால் விரல்கள் சும்மா கிடக்கும். இப்படி ஒரு பழக்கம் இருப்பது அவருக்கே தெரியாது. அவரோடு பிரிட்ஜ் ஆடிய அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாரே என்ற சுயநலம்தான்.

மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலையில் புதுப்புது ஆபீஸ்கள் திறந்த எண்பத்தொன்பதில், வெளியூர்களிலிருந்து வந்த அதிகாரிகள் பிரிட்ஜையும் கூடவே கொண்டுவந்தார்கள். மாலையில் அவர்கள் கூடும் கிளப்பில் நாலாவது கைக்கு ஆள் கிடைக்காமல், சாதாரண உதவியாளரான என் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்புறம் இன்னொருவருக்கு மாற்றல் வந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த என்னையும் கூப்பிட்டார்கள். நான் ஒரே மாதத்தில் அவர்களையெல்லாம் முந்திவிட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

மாற்றல்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. சில வருஷங்களில் கிளப்பில் நாங்கள் ஆடிய மேஜை கேரம் போர்டு வைக்கத்தான் உதவியது. மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். பிரிட்ஜுக்கு நாலு பேர் வேண்டும். ஊரெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

இரண்டாயிரம் தாண்டி, தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். அங்கே கம்ப்யூட்டரில் உலகத்தில் எவரோடும் பிரிட்ஜ் ஆடலாம் என்று கேள்விப்பட்டதும் இவர் என்னைக் கையோடு கூட்டிப் போனார். பிளைவுட் அடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். அடுத்தடுத்து இரண்டு அறைகளில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் எங்களுக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுவோம்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டையும் ஜெயிப்பது ஒரு பிடி. இத்தனை பிடி பிடிப்பேன் என்று ஒவ்வொருவரும் ஏற்றிக் கேட்க வேண்டும், கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் பிடிக் கணக்கு. கூட்டாளியின் சீட்டு நம் கண்ணுக்குத் தெரியாது. அவர் கேட்கும் ஏலத்தை வைத்துத்தான் அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். ஏதாவது ஒரு ஏலத்துக்கு நமக்குள் தனி அர்த்தம் இருந்தால் எதிராளிகளுக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். ரகசியம் கூடாது. கிளப்பில் கூட்டாளி மேஜையைத் தட்டி 'அலர்ட்' என்று எச்சரிப்பார். கம்ப்யூட்டரில் அது தலைகீழ். ஏலம் கேட்பவரே அலர்ட் பொத்தானை அமுக்கி, அர்த்தத்தை டைப் அடிக்க வேண்டும். எதிராளிகள் இரண்டு பேருக்கும் அது தெரியும். கூட்டாளிக்கு மட்டும் தெரியாது.

இந்தத் தலைகீழ் விஷயம் முதல் ஞாயிறே என் மானத்தை வாங்கியது. அன்று எங்களுக்கு எதிரே வாய்த்தது ஹாலந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. நான் 'இரண்டு கிளாவர்' கேட்டேன். கேட்டதோடு விடாமல், 'இது நிஜமான கிளாவர் இல்லை, கூட்டாளியிடம் நாலு இஸ்பேட் இருக்கிறதா என்று விசாரிக்கிறேன்' என்று நாலு பேருக்கும் தெரிகிற பெட்டியில் டைப் அடித்து வைத்தேன். அந்த அம்மாள் மரியாதையாக எழுதினார்: நன்றி, ஆனால் இதை எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள், ஞாபகம் வைத்துக்கொள்வது உங்கள் கூட்டாளியின் பொறுப்பு.

எனக்கு முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. பத்துப் பதினைந்து வருஷமாகப் பிறத்தியார் கணக்கைத் திருத்துகிறவள் நான். என்னை ஒருத்தி திருத்துகிறாள்! ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து அந்த விதியை நான் பிடித்துக்கொண்ட பிடி உடும்புப் பிடி. அலர்ட் செய்யாமல் ஆடுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும்.

அந்தத் தம்பதிக்கு எங்களைப் பிடித்துவிட்டது. வாராவாரம் அவர்களோடுதான் ஆட்டம். ஒரே அறையில் இருக்கிறீர்களா என்று ஆரம்பத்திலேயே அந்த அம்மாள் கேட்டார். நடுவில் பிளைவுட் இருக்கிறது, ஆட்டம் முடிகிற வரை ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்று பெருமையாகவே எழுதினேன். அது உண்மையும்கூட. தண்ணீர் வேண்டுமா என்றுகூட நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

இன்னொரு நாள், அலர்ட் தேவைப்படாத ஒரு சாதாரண ஏலத்தை இவர் கேட்டபோது, அதற்கு அர்த்தம் என்ன என்று அவர்கள் என்னிடம் தனியாகக் கேட்டார்கள். 'எங்களுக்குள் அப்படி ஒப்பந்தம் ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். அந்தப் பெரியவர் பதில் போட்டார்: எழுதி வைத்ததை மட்டும் நாங்கள் கேட்கவில்லை, கூட ஆடிப் பழகியதில் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டும். அதையும் ஏற்றுக்கொண்டேன். 'பொதுவாக நல்ல சீட்டோடுதான் கேட்பார், முந்தின ஆட்டம் தோற்றிருந்தால் கொஞ்சம் கம்மியான சீட்டோடும் கேட்பார்' என்றெல்லாம் விலாவாரியாக எழுத ஆரம்பித்தேன். அவர்கள் சிரிக்கும் முகம் போட்டு அனுப்புவார்கள்.

அந்த வருஷம் ஆபீசில் கண்காணிப்பாளர் பதவிக்குப் போட்ட பட்டியலில் இவர் பெயர் விட்டுப்போனது. வீட்டுக்கு வந்து, "அதனால என்ன, பரவாயில்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். நான் அவர் வாயைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தேன். அவை மடியில் அசையாமல் கிடந்தன. அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. செய்தித்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய மனிதர்.

அந்தச் சமயத்தில்தான் ஹாலந்து தம்பதி, பல ஊர் அணிகள் ஆடும் ஒரு போட்டிக்குத் தங்களோடு இரண்டாவது ஜோடியாகச் சேர முடியுமா என்று எங்களைக் கேட்டார்கள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். எதிராளிகளுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பார். வெறும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால், வழக்கமான ஞாயிறு ஆட்டம். முதலில் நான் 'பாஸ்' சொன்னேன், எதிராளியும் பாஸ். இவர் 'ஒரு இஸ்பேட்' கேட்டார். என்னிடம் நாலு இஸ்பேட், ஓரளவு பலமான சீட்டு. எங்கள் நோட்டுப்படி நான் மூன்றுக்குத் தாவ வேண்டும். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இஸ்பேட்டை முதலில் கேட்டவர் இவர் என்பதால் இவர்தான் ஆட வேண்டும். கூட்டாளியான என் சீட்டுகள் நாலு பேரும் பார்க்கும்படி திரையில் விரிந்தன. இவர் கையில் ஒன்றுமே இல்லை என்பது ஆட ஆடத் தெரிந்தது, சும்மா துணிந்து கேட்டிருக்கிறார். சரியாக எட்டுப் பிடி வந்தது. மூன்று கேட்டிருந்தால் ஒன்பது வேண்டும், தோற்றிருப்போம்.

அந்த அம்மாள் எழுதினார்: "இவ்வளவு நல்ல சீட்டை வைத்துக்கொண்டு ஏன் இரண்டோடு நிறுத்தினீர்கள்?"

"அப்படித் தோன்றியது" என்று எழுதினேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏன் அப்படித் தோன்றியது? அடுத்த சீட்டு வந்தது. ஏலம் என் முறை. நான் ஏலம் கேட்காமல் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளப்பில் அந்த நெட்டி நாலு பேர் காதிலும் விழுந்தது. எதிராளிகளும் கேட்டு உஷாரானார்கள். இங்கே அது ஹாலந்து வரைக்கும் கேட்காது, எனக்கு மட்டும்தான் கேட்கும். எத்தனை ஞாயிறாக இதை வைத்து ஆடியிருக்கிறேன்? ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்று வேறு பெருமை அடித்திருக்கிறேன். அலர்ட் செய்யாதவர்களைத் திட்டிய திட்டெல்லாம் என் தலையிலேயே வந்து விழுந்தது. இதை அலர்ட் செய்து தப்பிக்கவும் வழியில்லை. பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்லிவிட்டால் போதும், காதில் விழுவதைப் பயன்படுத்தவே கூடாது.

ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் இவருடைய போட்டி போய்விடும், நோட்டும் போய்விடும், மறுபடியும் செய்தித்தாளின் ஒரே பக்கம்தான். சொல்லாவிட்டால் நான் திருடி. நெட்டியைக் காதில் வாங்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்துப் பார்த்தேன். அது முடியாது. பதினைந்து வருஷமாகக் கேட்டுப் பழகிய காது.

சனிக்கிழமை காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். இவர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நெட்டி முறிக்கிறேனா? எப்போ?"

"நல்ல சீட்டு வந்தா. கிளப்லயிருந்தே அப்படித்தாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இங்க நாம ஜெயிச்சதெல்லாம்?"

"எல்லாமே இல்லீங்க."

"எவ்ளோ?"

"தெரியலையே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, எழுதிட்டு வந்துடலாம்" என்றார்.

பிரவுசிங் சென்டரில் அவரே உட்கார்ந்து எழுதினார். என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு நல்ல சீட்டு வந்தால் நான் விரலை நெட்டி முறிக்கிறேன், தடுப்புக்கு அப்பால் என் மனைவிக்கு அது கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை, எங்களுக்கு இது இப்போதுதான் புரிந்தது, மன்னியுங்கள். அவ்வளவுதான். எனக்கு எப்போதோ தெரியும் என்பதை 'எங்களுக்கு' என்ற சொல்லில் தானும் சேர்ந்து சுமந்துகொண்டார்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி. போட்டிக்கு வேறு ஜோடியைச் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காத இடத்தில் உட்கார முடிந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி ஆட எங்களுக்கு விருப்பம்தான்.

இவர் அதை இரண்டு தரம் படித்தார். "நியாயம்தான்" என்றார். அதன்பிறகு வீட்டில் எந்நேரமும் விரல்களைக் கோத்து வைத்துக்கொண்டார். முறித்துவிடுமோ என்ற பயம். பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

சில வாரங்கள் போயின. பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு பிரவுசிங் சென்டர் இருப்பதை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் சரி என்றார். அந்த ஞாயிறு பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டத்தில் ஸ்கூட்டர் நகராது என்று இவர் மதியத்துக்கு முன்பே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிளம்பிப் போனார். நான் வழக்கமான மாடியில் வழக்கமான அறையில் உட்கார்ந்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருமிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதோ நாலாவதோ ஆட்டம். நான் பாஸ், எதிராளி பாஸ். திரையில் இவருடைய 'ஒரு இஸ்பேட்' வந்தது. என்னிடம் நாலு இஸ்பேட், ஓரளவு பலமான சீட்டு. அதே நிலைமை. பழக்கதோஷத்தில் காதைத் தீட்டினேன். கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம்தான் கேட்டது. அவர் ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாள் என்னிடம் தனியாகக் கேட்டார். 'பொதுவாக நல்ல சீட்டு, முன்னால் இரண்டு பாஸ் வந்திருந்தால் சில சமயம் கம்மியான சீட்டோடும் கேட்பார், இப்போது எது என்று எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். எழுதிவிட்டு மூன்று இஸ்பேட் கேட்டேன். ஒரு பிடியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து நான் படியிறங்கி வந்து கடை வாசலில் நின்றேன். கூட்டத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது.

"ஏம்மா மூணு கேட்டே? என் கையில ஒண்ணுமே இல்ல."

"நீங்க கேட்டீங்களே, ஒரு இஸ்பேட்டுன்னு. நம்பினேன்."

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். பதினைந்து வருஷத்தில் அவர் விரலைப் பார்க்காமல் அவர் சொன்னதை மட்டும் வைத்து நான் முடிவெடுத்தது அன்றுதான். அது எனக்குத் தெரிந்த மாதிரியே அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"தோத்துட்டோமே" என்று சிரித்தார். எத்தனையோ வாரம் கழித்து, வலது கை நடுவிரலில் 'டக்' என்று ஒரு நெட்டி முறிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.