முருங்கையடியில் அடக்கிய பல்

மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறி கண்ணைக் கரிக்கும் கராம்பு எண்ணெயின் நெடிதான் எங்கள் வீட்டுப் "பல்லு டின்"னின் அடையாளம். ஒரு நோன்புப் பெருநாளன்று வாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் குத்தி, டொக்டர் எவரும் கிடைக்காமல், தின்ன முடியாத இனிப்பு வட்டிலப்பத்தைப் பார்த்துப் பார்த்தே அவர் அழுத நாளிலிருந்து, உம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் கராம்பு எண்ணெய், பஞ்சு, உப்பு, பனடோல், வெள்ளைத் துணித் துண்டுகள் என்று அரை ஆஸ்பத்திரியையே அடைத்து வைத்திருந்தார். பிரிட்ஜில் ஐஸ்கட்டி எப்போதும் தயார்.

"இனிப் பெருநாள் வரட்டும், புயல் வரட்டும், என்ட ஊட்டுல ஒருத்தரும் பல்லுக்கு அழப்படாது" என்பார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கடற்கரைக் கிரிக்கெட்டில் நான்தான் விக்கெட் கீப்பர். பந்தைப் பிடித்ததைவிட, மட்டை பிடித்தவனின் காதுக்குள் கதைத்ததே அதிகம். அன்று பக்கத்து வீட்டு றிஸ்வானிடம், "மச்சான், மட்டைய ஒன்ட தங்கச்சிட்டக் குடு, அவளாவது பந்துல படுற மாதிரி அடிப்பாள்" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான். பந்து போய்விட்டது, சுற்றி வந்த மட்டை என் வாயில் இறங்கியது. மேல் முன்பல் ஒன்று வேரோடு முழுசாக மணலில் கிடந்தது. அவனே பொறுக்கி என் கையில் தந்துவிட்டு, "என்ட உம்மாட்டச் செல்லிராத மச்சான்" என்று என்னைவிடப் பெரிதாக அழுதான்.

உம்மா பதறவேயில்லை. இத்தனை காலம் காத்திருந்த டின் திறக்கப்பட்டது. உப்புத் தண்ணீர், பஞ்சு, துணியில் சுற்றிய ஐஸ் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு பல்லை என் மூத்த சகோதரன் காக்காவிடம் நீட்டினார்.

"முருங்கையடில அடக்கிட்டு வாங்க மகன். ஆழமாத் தோண்டுங்க, கோழி கிளறிப் போடும்."

வெட்டிய நகம், சிரைத்த முடி, விழுந்த பல் எல்லாவற்றையும் மண்ணில் அடக்குவது எங்களிடையே வழக்கம். என் பால்பற்கள் அத்தனையும் அங்கேதான் போயிருந்தன. காக்கா பிஸ்மி சொல்லி அடக்கிவிட்டு வந்து, "ஒன்ட பல்லுக்கு மீசான் கட்டையும் நட்டாச்சுடா" என்று, புதைகுழியின் தலைமாட்டில் நடும் அடையாளக் கட்டையைச் சொல்லிச் சிரித்தான்.

வாப்பா வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. பல் டொக்டர் என் வாயைத் திறந்து பார்த்தார்.

"நல்லாத் துப்பரவாக்கி வெச்சிருக்கீங்க. ஆரு செஞ்ச?"

உம்மாவின் முகம் மலர்ந்தது.

"சரி, விழுந்த பல்லத் தாங்க."

"அடக்கிட்டம் டொக்டர்."

"என்ன?"

"முருங்கையடில."

டொக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஐயோ உம்மா, இது திரும்ப முளைக்கிற பல்லில்ல. ஒரு கோப்பைப் பால்ல போட்டு உடனே கொண்டு வந்திருந்தா, அதே இடத்துலயே வெச்சுக் கட்டியிருப்பன்."

"இப்ப ஓடிப்போய்த் தோண்டிட்டு வரட்டா?" என்றான் காக்கா. டொக்டர் தலையை ஆட்டி மறுத்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோவுக்கு அத்தனை மருந்தும் வைத்திருந்த வீட்டில், பல்லைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. பால்கூட இல்லை என்று சொல்ல முடியாது, மூன்றாவது வீட்டில் மாடு கட்டியிருந்தார்கள்! ஊருக்கே பட்டப்பெயர் வைத்துத் திரிந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் "ஓட்டக் கேட்" என்று பெயர் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு எப்படிப் பதிலுக்குக் கேலி செய்வது?

இன்று முருங்கை நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. றிஸ்வான் கட்டாரில், காக்கா மருதமுனையில் பெண்சாதி வீட்டில். என் வாயில் கழற்றி மாட்டும் பல். பிரிட்ஜில் மட்டும் எந்நேரமும் ஒரு பாக்கெட் பால் இருக்கிறது. திகதி முடியுமுன் உம்மா புதிதாக வாங்கி மாற்றிவிடுவார். பழையது பூனைக்கு, எங்களுக்கில்லை.

"அதத் தொடாதீங்க, அது அவசரத்துக்கு."

நேற்றும் கத்திவிட்டேன். "உம்மா, என்ட பல்லு காசுக்கு வாங்கின பல்லு. வாப்பாக்கு மிச்சம் நாலே நாலு. இந்தப் பால் இனி ஆருக்கு?"

உம்மா பிரிட்ஜைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் பால் விடாத பிளேன்டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, என் வாயைப் பார்க்காமலே போய்விட்டார்.