மூன்று நாட்டுத் தலையாட்டல்

எங்களோடு வேலை செய்த சுபா தொலைபேசியில் அழைத்தபோது நான் நோர்பரியில் ஒரு கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "பிலோ அக்கா எங்களை விட்டுப் போயிட்டா, அக்கா. நேற்று ஆஸ்பத்திரியில" என்றாள். பிறகு அவளே, "கடைசியா டொக்டரிட்ட என்ன கேட்டவ தெரியுமோ? 'நீங்கள் சாப்பிட்டனீங்களோ, தம்பி?' எண்டு. அந்தாள் வெள்ளைக்காரன்!" என்றாள். கடையில் நின்றபடியே அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். பிலோ அக்காவை அறிந்து, இன்று அவரை நினைவுகூரும் உங்களுக்கு இது வியப்பாக இராது.

உங்களில் பலர் அவரை வால்தம்ஸ்டோ தேவாலயத்தில் அறிந்திருப்பீர்கள். நான் அவரைச் சந்தித்தது லண்டன் நகரின் வடக்கு ஓரத்தில், வெள்ளரிக்காய் வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில். மன்னாரில் பிறந்து, ஜெர்மனியில் நெடுங்காலம் வாழ்ந்து, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். அந்தக் கூடங்களில் காய் பறிப்பவர்களுக்கு அவர் மேற்பார்வையாளர். நான் அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் வேலையில் இருந்தேன்.

போன வருடம், 2008 கோடையில், சேர்ப்பதற்கு ஆளே இல்லை. போலந்துக்காரர்கள் கட்டட வேலைகளுக்குப் போய்விட்டார்கள். முன்பு உக்ரைனிலிருந்து மாணவர்கள் வருவார்கள்; அந்த வழியும் அடைபட்டு, பருவகால வேலை அனுமதி பல்கேரியருக்கும் ருமேனியருக்கும் மட்டும் என்றானது. எங்களுக்குக் கிடைத்தவர்கள் பல்கேரிய மாணவர்கள் சிலர்தான். பிலோ அக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் போய் நின்றுகொண்டார்.

"காசு குடுத்து ஜிம்முக்குப் போறீங்கள். என்னோட வாங்கோவன், வேர்க்கவும் வேர்க்கும், சம்பளமும் வரும்."

"எனக்குக் குனிஞ்சா நாரி நோகும், அக்கா."

"அப்ப நாரி நோகாத உன்ர மனுசனை அனுப்பு. உன்னை விடுறன்."

அடுத்த வாரம் பண்ணைக்குப் போகும் எங்கள் வான் வண்டியில் இருக்க இடமில்லை.

அப்படியும் ஆள் போதவில்லை. வெள்ளரிக்காயைப் பறிக்காமல் விட்டால் பருத்து மஞ்சளாகிவிடும், கொடியும் சோர்ந்துபோகும். இரண்டாவது கூடத்தின் கொடிகளை வெட்டி மூடிவிடலாமா என்று முதலாளி கொலின் யோசிக்கத் தொடங்கினார். மூடினால் எங்கள் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. பல்கேரிய மாணவர்களின் நிலை அதைவிட மோசம். வேறு பண்ணை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். கடைசி வருடப் படிப்புக்கு உழைக்க வந்திருந்த ராட்கா என்ற பெண் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் கொலின் வந்து எல்லோரிடமும் கேட்டார்: ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருவீர்களா? வந்தால் இரண்டாவது கூடத்தைக் காப்பாற்றலாம். எங்கள் பெண்கள் முதலாளிக்கு முன்னால் பேசக் கூச்சப்பட்டு, புன்னகையோடு தலையை இரு தோள்பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார்கள். பல்கேரியர்கள் இடமும் வலமுமாகத் தலையை அசைத்தார்கள். கொலினின் முகம் வாடிவிட்டது. "பரவாயில்லை, புரிகிறது" என்று சொல்லி வெளியே போனார்.

பிலோ அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். "என்னவாம்?"

"ஞாயிறும் வருவீங்களோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டுதான்."

"வாயாலயோ?"

ஒருத்தி தலையைச் சாய்த்து ஆட்டிக் காட்டினாள். பிலோ அக்கா, ஜெர்மன் தெரிந்த ராட்காவிடம் திரும்பி ஜெர்மன் மொழியில் அதையே கேட்டார். ராட்கா பலமாகத் தலையை இடம் வலமாக அசைத்துக்கொண்டு "யா, யா!" என்றாள். அவர்கள் ஊரில் அப்படி அசைத்தால்தான் ஓமாம்.

"ஐயோ மாதாவே! எல்லாரும் சேர்ந்து அந்த மனுசனுக்கு ஏலாது எண்டெல்லோ சொல்லி அனுப்பிப்போட்டியள்!"

அந்தக் கனத்த உடம்போடும் ரப்பர் பூட்ஸோடும் அவர் ஓடியதை நான் தேநீர் அறை ஜன்னலால் பார்த்தேன். கொலினின் வண்டி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "கொலின், ஸ்டொப்! நோ இல்லை! எல்லாம் யெஸ்!"

கொலின் இறங்கி வந்து திரும்பக் கேட்டார். இந்த முறை கண்ணாடி அதிர மூன்று மொழிகளில் பதில் வந்தது. விஷயம் விளங்கியதும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கொடிகளை யாரும் வெட்டவில்லை. பருவம் முடிந்துதான் ராட்கா ஊருக்குப் போனாள், அதுவும் பிலோ அக்கா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் பொதியோடு. "தலை எந்தப் பக்கமும் ஆடும், பிள்ளை. வாயைத் திறந்து சொல்லு" என்று பிறகு வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவைத்தார்.

நான் எதையும் மனதுக்குள் போட்டு உருட்டுகிறவள். ஒருவர் முகம் வாடினால் காரணத்தை யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விடுவார். பிலோ அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய அந்த ஓட்டத்தைத்தான். போன மாதம் என் மகள் கோபத்தோடு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் செருப்பும் போடாமல் பஸ் தரிப்பிடம்வரை பின்னால் ஓடினேன்.

"என்னம்மா? எல்லாரும் பாக்கினம்!"

"நீ என்ன சொன்னனி எண்டு திரும்பக் கேக்க வந்தனான்" என்றேன்.

அவள் பஸ்ஸை விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.